சாச்சாவின் ஆம்பிளைக் கார்

கல்முனைச் சந்தியில் முன்னால் நின்ற காரிலிருந்து கிளச் தீயும் நாற்றம் வந்தது. சாச்சாவின் மூஞ்சிதான் ஞாபகத்துக்கு வந்தது.

ஊருக்குக் காட்டவே வாழ்ந்த மனுஷன் அவர், வாப்பாவின் தம்பி. எண்பதுகளில் சவூதிக்கு உழைக்கப் போய், விழுந்து இடது முழங்காலை உடைத்துக்கொண்டு வந்தவர், கொழும்புக்கு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போனார். அவருடைய பெண்சாதி சாச்சியும் நானும் கூடப் போனோம். ஒரே மாதிரிச் சிவப்புக் கார்கள் இரண்டு நின்றன. ஒன்று கிளச் மிதித்துக் கியர் மாற்றுவது, மற்றது கிளச்சே இல்லாத ஓட்டோமெட்டிக்.

“கிளச் மிதிக்கிற கால்தானே ஒங்களுக்கு ஏலா. ஓட்டோவ எடுங்க,” என்றா சாச்சி.

“அது பொண்டுகள் ஓட்டுறது. ஆம்பிளைக்குக் கியர்தான்,” என்று கியர் காரையே எடுத்தார்.

அந்தக் காரில் மருதமுனைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனோம். நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து அவருடைய கால் விறைத்துப் போனது. கார் குலுங்கி, புகைந்து, நடுரோட்டில் நின்றது.

“நீ பக்கத்தில இருந்து கதைக்கிறதாலதான்,” என்று சாச்சியில் பாய்ந்தார்.

“ஓம், என்ட நாக்குத்தான் கிளச்ச மிதிக்குது,” என்று சொல்லிவிட்டு, சாச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கி நடந்தா.

கல்யாண வீட்டில், “எங்க அவரு?” என்று கேட்டார்கள்.

“ஆம்பிளைக் காரில வாறார். சுணங்கும்,” என்றா சாச்சி.

எல்லாரும் சோறு தின்று கை கழுவிய பிறகுதான் சாச்சா வந்தார். நாலு பேர் வேர்க்க வேர்க்கக் காரைத் தள்ள, அவர் உள்ளே கூலிங்கிளாஸோடு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார்.