இரண்டு கிலோ எண்ணூறு கிராம்

நாட்டுச் சர்க்கரைப் பையை வலது கையில் பிடித்து, கையை நேராக முன்னால் நீட்டி, ராமாமணி எண்ணிக்கொண்டிருக்கிறார். நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு. ஆவாரம்பாளையத்தில் அவர் வீட்டு மொட்டைமாடி. காலை ஆறு மணி. பையின் எடை இரண்டு கிலோ எண்ணூறு கிராம். சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்து, கூடுதலாக இருந்த ஒரு கைப்பிடிச் சர்க்கரையை டப்பாவில் திருப்பிக் கொட்டிவிட்டுத்தான் மாடிக்கு வந்திருக்கிறார். பக்கத்து மாடியில் துணி காயப்போட வந்த ராசாத்தாள், ஈரத்துணி கையிலிருக்க நின்று பார்க்கிறார்.

“ஏனுங்க்கா, ஏதாச்சும் வேண்டுதலுங்களா?”

“ஆமா, எனக்கு நானே வேண்டிக்கிட்டது. பேச்சுக் குடுக்காதீங்க, கணக்குத் தப்பிப் போயிரும்.”

அறுபதில் பை இறங்குகிறது. போன மாதம் முப்பதில் இறங்கியது. அதற்கு முந்தின மாதம் பன்னிரண்டில்.

ராமாமணிக்கு வயது அறுபத்திரண்டு. பம்ப் கம்பெனி ஒன்றின் தரப் பரிசோதனைப் பிரிவில் இருபத்தொன்பது வருடம் வேலை பார்த்தவர். வார்ப்பிலிருந்து வந்த உறையை எடுத்துக்கொண்டு யாராவது, “பாருங்க மேடம், கண்ணாடியாட்ட இருக்குது” என்று நீட்டினால், அவர் பதில் ஒன்றுதான். “கண்ணுல பாத்தா ஆச்சுங்களா? அளக்கோணும்.” ஓய்வு பெற்ற பிறகும் அந்த வாக்கியம் ஓய்வு பெறவில்லை. கத்தரிக்காய் வாங்கும்போதும் கேட்கலாம்.

பதினேழு வருடமாகப் பறவைகளைப் படம் எடுக்கிறார். சிங்காநல்லூர் குளத்துக் கூழைக்கடாக்கள், வால்பாறை இருவாச்சி, வீட்டுக்குப் பின்னால் மின்கம்பியில் உட்காரும் கரிச்சான், எல்லாம். பரிசுக்கு அனுப்புவதில்லை. புகைப்படச் சங்கத்தில் உறுப்பினர், ஆனால் சங்கத்துக் கூட்டத்தில் அவர் வாயைத் திறந்தால் இளைஞர்கள் கேமராவை மடியில் மறைத்துக்கொள்வார்கள். “புது பாடி வாங்கிட்டீங்களா கண்ணு? சந்தோசம். பழசுல என்ன எடுத்தீங்க, காட்டுங்க.”

கடைக்குப் போனாலும் இதே கதை. கைப்பையிலிருந்து முப்பது சென்டிமீட்டர் எஃகு அளவுகோலை எடுப்பார். கண்ணாடி மேசை மேல் சாய்த்து வைப்பார். பதினைந்தாம் கோட்டில் குவியம் வைத்து ஐந்து படம். திரையில் பெரிதாக்கிப் பார்ப்பார். பதினான்கும் பதினாறும் ஒரே அளவு மங்கியிருந்தால் லென்ஸ் நல்லது. ஒரு பக்கம் கூர்மை சாய்ந்திருந்தால், “வேற பீஸ் எடுங்க.” ஒருமுறை நான்காவது பீஸ் வரை போனார். கடைக்காரர் மாரப்பன் அன்று காபி வரவழைத்துக் கொடுத்துக் கும்பிட்டார். “அக்கா, நீங்க ஒருத்தர் வந்துட்டுப் போனா எங்களுக்கு ஆடிட்டிங் முடிஞ்ச மாதிரிங்.”

கூர்மை பார்க்க எஃகு அளவுகோல் கடையோடு சரி. நீண்ட லென்ஸை மேசை மேல் வைத்து அளக்க முடியாது. ஆறு மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். அதற்கு வீட்டில் வேறு ஏற்பாடு இருந்தது. வாசலில் ஒரு மர நாற்காலி. அதில் கணவர் நரசிம்மலு. கையில் அன்றைய செய்தித்தாள். தாடைக்குக் கீழே, கொஞ்சம் முன்னால் சாய்த்து. கேட்டுக்குப் பக்கத்தில் கேமராவுக்கு முக்காலி போட்டு ராமாமணி. தலைப்பு எழுத்தில் குவியம் வைப்பார். எழுத்து கூராக வந்தால் சரி. வராவிட்டால் கேமராவின் அமைப்புக்குள் போய், ஒவ்வோர் எண்ணாகக் கூட்டியோ குறைத்தோ சரிக்கட்டுவார்.

ஆயுத பூஜைக்கு ஒருமுறை, பொங்கலுக்கு ஒருமுறை, எல்லா லென்ஸுக்கும் இந்தச் சோதனை உண்டு. ஊரெல்லாம் அன்று கருவிகளைக் கழுவித் துடைத்துப் பொட்டு வைத்து ஓய்வு கொடுக்கும். இந்த வீட்டில் அளந்து தேறிய லென்ஸுக்குத்தான் சந்தனம். அதுவும் மூடியின் மேல்.

“பொங்கலுக்குப் புதுத்துணி கட்டறது எதுக்குன்னு இப்பத்தான் தெரியுது. வெயில்ல காயறதுக்கு” என்பார் நரசிம்மலு.

“மொகத்தை ஆட்டாதீங்க.”

“என்ற மொகம் உனக்கு எதுக்கு? நீ பேப்பரைத்தான பாக்கற.”

உண்மைதான். அறுநூறு மில்லிமீட்டர் லென்ஸில், ஆறு மீட்டர் தூரத்தில், கூர்மையாக விழும் பட்டை நான்கு சென்டிமீட்டர்கூடத் தேறாது. எழுத்து அதற்குள் இருக்கும். அவர் முகம் அதற்குப் பின்னால் இருக்கும்.

அந்த அறுநூறு வந்தது எட்டு வருடத்துக்கு முன்பு. மூன்று மாதம் யோசித்து வாங்கியது. கடை மேசையில், கிட்டத்தில் வைத்துப் பார்த்தவரை, எல்லாம் சரியாக இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து நரசிம்மலுவை உட்காரவைத்து எடுத்த முதல் படத்தில் தலைப்பு எழுத்து கலங்கிக் கிடந்தது. கூர்மை ஒன்பது சென்டிமீட்டர் பின்னால் போய் அவர் கண்ணில் விழுந்திருந்தது. இமை மயிரை எண்ணலாம்.

ராமாமணி பெட்டியில் திருப்பி வைத்து, ரசீதைத் தேடி எடுத்துவிட்டார். நரசிம்மலு திரையை வாங்கிப் பார்த்தார்.

“இது பேப்பரை விட்டுப்போட்டு என்னையப் பாக்குது. இந்த ஊட்ல இந்த ஒண்ணுக்காச்சும் கண்ணு நல்லா இருக்குது. திருப்பிக் குடுத்துறாதே.”

கொடுக்கவில்லை. மைனஸ் பதினெட்டு வைத்து ராமாமணி அதைச் சரிக்கட்டினார். கேமராவில் அதற்குமேல் இன்னும் இரண்டு படிதான் மிச்சம். பிறகு அது எழுத்தைப் பார்க்கப் பழகிக்கொண்டது. வாங்கியது ராமாமணி, சுமந்தது நரசிம்மலு. முக்காலியில் மாட்டுவதற்கு லென்ஸின் அடியில் நீட்டியிருக்கும் கால் உள்ளங்கையை அறுக்கிறது என்று, பழைய சைக்கிள் டியூபை வெட்டி அதில் சுற்றியதும் அவரே. வால்பாறைப் பேருந்தில் நாற்பது கொண்டை ஊசி வளைவும் லென்ஸ் அவர் மடியில்தான் ஏறியது. குழந்தை என்று நினைத்து ஓர் அம்மாள் எட்டிப் பார்த்திருக்கிறார்.

போன ஆடி மாதம் நரசிம்மலு போனார். காலை ஏழரைக்கு நெஞ்சைப் பிடித்தார். மருத்துவமனை வாசலில் முடிந்துவிட்டது.

பதினாறாம் நாளுக்குப் படம் வேண்டும் என்றார்கள். மகள் ஷ்ரவ்யா ஹார்ட் டிஸ்க்கை உட்கார்ந்து தேடினாள். நாலாயிரத்துச் சொச்சம் படங்களில் நரசிம்மலு இருந்தார். ஏறக்குறைய எல்லாவற்றிலும் செய்தித்தாள் கூர்மை. தேதி, தலைப்பு, ஓரத்துத் தங்க விலைகூடத் தெளிவு. பின்னால் ஒரு மங்கிய மனிதர். பதினேழு வருடம் ஒரு மனிதரை வாசலில் உட்காரவைத்து அவருக்கு முன்னாலிருந்த காகிதத்தையே படம் எடுத்திருந்தார் ராமாமணி. அதைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தவர் எழுந்து போய் அடுப்பிலிருந்த பாலை இறக்கினார்.

அதற்குள் நரசிம்மலுவின் தம்பி கோவிந்தராஜுலு அடையாள அட்டைப் படத்தை ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாக்கிக் கொண்டுவந்துவிட்டார். ஸ்டூடியோக்காரர் முகத்தை வெளுப்பாக்கி, நீலக் கோட்டும் டையும் மாட்டியிருந்தார். நரசிம்மலு மோட்டாருக்குச் செப்புக் கம்பிச் சுருள் கட்டிய ஆள். அவர் கழுத்தில் துண்டைத் தவிர வேறெதுவும் தொங்கியதில்லை. ராமாமணி படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார். “இவரு யாருன்னு எனக்குத் தெரியாதுங்க.” அந்த முதல் படத்தை, சரிக்கட்டாத அறுநூறு எடுத்ததை, மகளிடம் எண் சொல்லி எடுக்கச் சொன்னார். படத்தின் எண் அவருக்கு மனப்பாடம்.

“மொகத்தைச் சுளிச்சுட்டு இருக்காருங்களே வதினா” என்றார் கோவிந்தராஜுலு. தெலுங்கு வீட்டு முறைப்படி அண்ணி அவருக்கு வதினா. “பேப்பர் எழுத்து வேற கலங்கிக் கெடக்குது.”

“வெயில்ல உக்கார வெச்சது நான். சுளிக்காம என்ன பண்ணுவாரு? பேப்பரைப் படிக்கவா மாட்டறோம்?”

மாலை அதற்குத்தான் விழுந்தது.

துக்க வருடம், பண்டிகை கூடாது என்றார்கள். ஆயுத பூஜையன்று பொட்டு வைக்கவில்லை. அளப்பதை நிறுத்தவில்லை. நாற்காலியில் செங்கல்லை நிறுத்தி, அதில் பேப்பரைச் சாத்தி, நான்கு லென்ஸையும் அளந்து நோட்டில் எழுதினார். அறுநூறை முக்காலியில் ஏற்றும்போது கை துவண்டு, கேட்டில் இடித்து, மூடியில் ஒரு கீறல். அதைக் கோவிந்தராஜுலு பார்த்துவிட்டார். அன்றிலிருந்து அவருக்கு ஒரே பேச்சு. இந்தக் கனத்தை இனி யார் தூக்குவது? உள்ளே கண்ணாடி இல்லாத ‘மிரர்லெஸ்’ கேமரா வந்திருக்கிறது, இறகு மாதிரி. இதை யாரிடமாவது தள்ளிவிட்டு அதை வாங்கிக்கொள்ளலாம். சங்கத்து ஆட்களும் அதையே சொன்னார்கள். புதுக் கேமராவில் குவியம் பிசகாது, சரிக்கட்டும் வேலையே கிடையாது.

“தப்பே பண்ணாத மிசினு. அப்பறம் அதுக்கு நான் எதுக்குங்க?” என்றார் ராமாமணி. அடுத்த நாள் காலை, அறுநூறின் எடைக்கு நிறுத்த சர்க்கரைப் பையோடு மாடிக்குப் போனார்.

போன ஞாயிற்றுக்கிழமை கோவிந்தராஜுலு, கேட்காமலே ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தார். கதிரேசன், கிணத்துக்கடவில் தென்னந்தோப்பு. பறவைப்படப் பழக்கம் மூன்று வருடமாக. கையில் சொந்தக் கேமரா, இன்னொரு கையில் ஒரு சாக்கு இளநீர்.

“அறுநூறு இருக்குதுன்னு சொன்னாங்க்கா. நம்ம தோப்புக்கு மயிலு வருதுங்க, தினமும் முப்பது நாப்பது.”

“மயிலுக்கு எதுக்குங்க அறுநூறு? அது கெணத்துத் திட்டுலயே வந்து உக்காருது. உங்களுக்கு முந்நூறு தாராளம்.”

“வதினா, வந்தவரை வெரட்டாதீங்க” என்றார் கோவிந்தராஜுலு. “நீங்களும் எத்தனை நாளைக்குக் கட்டிக் காப்பீங்க? ஒத்தையில இதைத் தூக்கிட்டுக் கொளத்துக்கரையில நிக்க முடியுங்களா? நீங்க கீழ விழுந்தா நான் அண்ணனுக்கு என்ன பதில் சொல்றது?”

ராமாமணி உள்ளே போய் லென்ஸை எடுத்து வந்தார். பொருளைப் பார்க்க வந்தவரிடம் காட்டாமல் மறைப்பது அவருக்குப் பழக்கமில்லை. குறையையும்தான்.

“இதுல ஒரு குத்தம் இருக்குதுங்க. என்ற பாடியில சரி பண்ணி வெச்சிருக்கறேன். உங்க பாடியில மாட்டுனா எப்படி இருக்குதுன்னு நீங்களே அளந்து பாத்துக்கோணும்.”

கதிரேசன் மாட்டினார். கேட்டுப் பக்கம் முக்காலியில் நிறுத்தினார். பேப்பர் பிடிக்க ஆள் வேண்டும். கோவிந்தராஜுலு நாற்காலியைப் பார்த்தார், உட்காரவில்லை. ராமாமணி அன்றைய பேப்பரை எடுத்துக்கொண்டு, இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். தாடைக்குக் கீழே பேப்பரைச் சாய்த்துப் பிடித்தார். வெயில் நேராகக் கண்ணில் அடித்தது.

“தலைப்புல வையுங்க. நடு எழுத்துல.”

ஐந்து படம். கதிரேசன் திரையைப் பார்த்தார், பெரிதாக்கினார், தலையைச் சொறிந்தார்.

“எழுத்து போச்சுங்க்கா. பின்னாடி போகுது. ஆனா உங்க மொகம் என்னமா வந்திருக்குது, பாருங்.”

ராமாமணி எழுந்து வந்து வாங்கிப் பார்த்தார். எழுத்து கலங்கிக் கிடந்தது. அதன் பின்னால், கண்ணைச் சுளித்துக்கொண்டு, இமை மயிர் ஒவ்வொன்றும் தனித்தனியாக, ஒரு கிழவி. அவர் இன்னும் பெரிதாக்கினார். கருவிழியில் கேட்டும், முக்காலியும், லென்ஸின் வட்டமும் தெரிந்தன. சுவரில் மாட்டியிருக்கும் படத்திலும் நரசிம்மலுவின் கருவிழியில் இதே கேட், இதே வட்டம். வட்டத்துக்குப் பின்னால் நின்றவர்தான் வேறு.

“ஒம்பது சென்டிமீட்டர்” என்றார்.

“பரவால்லீங், சரி பண்ணிக்கலாமுங்க” என்றார் கதிரேசன்.

“சரி பண்ணிக்கலாந்தானுங்க. நானும் பண்ணுனேன்.” கேமராவைத் திருப்பிக் கொடுத்தார். “கோவிச்சுக்காதீங்க தம்பி. இதை நான் குடுக்கறதா இல்லீங்க.”

 கதிரேசன் லென்ஸைக் கழற்றி, இரு பக்கமும் மூடி போட்டார். “நாங்கூட நெனச்சேனுங்க்கா, மயிலுக்கு முந்நூறு போதுமின்னு” என்று சொல்லிக்கொண்டே அதைக் கோவிந்தராஜுலுவிடம் நீட்டினார்.

கோவிந்தராஜுலு அதை இரண்டு கையாலும் வாங்கி, வயிற்றோடு அணைத்துக்கொண்டார். “அட, என்ன கனம். இதத்தான் வதினா நானும் சொல்றேன். தூக்கறதுக்கு ஆளு வேணுமல்ல? ஆளு எங்க இருக்குது? சொல்லுங்க.”

ராமாமணி வலது கையை நீட்டினார். சைக்கிள் டியூப் சுற்றிய காலைப் பிடித்து, அவர் அணைப்பிலிருந்து லென்ஸை ஒரே கையால் எடுத்தார். கையை மடக்கவில்லை. தோள் உயரத்தில், நேராக, முன்னால் நீட்டிப் பிடித்தார்.

அவர் எண்ணவில்லை. கோவிந்தராஜுலு செருப்பை மாட்டினார். கதிரேசன் வாரேனுங்க என்றார். கேட் திறந்தது, மூடியது. வண்டி ஒருமுறை உதைத்தும் கிளம்பவில்லை. இரண்டாம் முறை கிளம்பியது. கை நடுங்கத் தொடங்கியிருந்தது. வண்டிச் சத்தம் தெருமுனை திரும்பும்வரை ராமாமணி அதை இறக்கவில்லை.