என் துண்டில் துரு, பள்ளியின் துண்டில் எண்ணெய்

1995 டிசம்பரில் ஒரு சனிக்கிழமை. அதற்கு முந்தைய மாத மழையில் எங்கள் அரக்கோணம் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து, என் ஃபிட்டர் பயிற்சிச் சான்றிதழ் கூழாகிவிட்டது. திங்கட்கிழமை ஓசூரில் அதைக் காட்டினால்தான் வேலை. பதினொரு வருடம் முன்பு படித்த அம்பத்தூர் பயிற்சிப் பள்ளிக்குக் கிளம்பினேன்.

காலை 7.10 மின்சார ரயில். சுமார் 55 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், டிக்கெட் எட்டு ரூபாய். பையில் ஒரு முன்னாள் கவுன்சிலரின் சிபாரிசுக் கடிதம். மூன்று நாள் அலைந்து வாங்கியது. என் வாத்தியார்கள் எல்லாரும் ஓய்வு பெற்றுவிட்டார்கள், வெறுங்கையோடு போனால் எவன் மதிப்பான் என்ற பயம். கூடவே ஒரு இரும்புத் துண்டு. எங்கள் கடைசித் தேர்வில் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும்படி இரண்டு துண்டுகளை அரத்தால் ராவ வேண்டும். நம்பர் குத்தி, ஒன்றை நம்மிடம் கொடுத்து, மற்றதைப் பள்ளி வைத்துக்கொள்ளும்.

ஸ்டேஷனிலிருந்து பள்ளி இருக்கும் தொழிற்பேட்டைக்கு ஆட்டோ பதினைந்து ரூபாய். "அந்த ஸ்கூல் இன்னும் நடக்குதாப்பா?" என்றேன்.

"இன்னா நைனா அப்டி கேட்டுட்ட? என் தம்பி அங்கதான் படிச்சுகினு கீறான்" என்றார் ஓட்டுநர், கோபமாகவே.

அலுவலகத்தில் இருபத்தைந்து வயதுப் பெண் எழுத்தர். கடிதத்தைப் பிரிக்காமலே திருப்பித் தந்தார். "இது எதுக்கு சார்? உங்க துண்டு இருக்கா?"

வெட்கமாகப் போய்விட்டது. எடுத்துக் கொடுத்தேன். வெள்ளத்தில் ஊறித் துருப்பிடித்திருந்தது. நம்பர் மட்டும் தெரிந்தது. அவர் பதிவேட்டில் பெயரைச் சரிபார்த்து, பட்டறைக்கு அழைத்துப் போனார். அங்கே அலமாரியில் அறுபதுகளின் முதல் வகுப்பிலிருந்து எல்லார் துண்டுகளும் வரிசையாக இருந்தன. என்னுடையது கண்ணாடி மாதிரி பளபளத்தது. சனிக்கிழமைதோறும் புது மாணவர்கள் பழையவர்களின் துண்டுகளுக்கு எண்ணெய் போட வேண்டும். படிக்கும்போது அந்த வேலையைத் திட்டாத நாளில்லை. பதினொரு வருடமாக, முகம் தெரியாத எத்தனையோ பேர் எனக்காக அதைச் செய்திருக்கிறார்கள்.

துரு போக உப்புத்தாளால் தேய்த்து, என் துண்டை அதில் செருகினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம், இடுக்கில் ஒரு கீற்றுகூட வரவில்லை. "நீங்கதான் சார்" என்றார் அந்தப் பெண். மாலை நான்கு மணிக்கு நகல் சான்றிதழ் கையில். எனக்கு அன்று வந்த பெருமை, படித்துத் தேறிய நாளில்கூட வரவில்லை.

அங்கே படித்து, சான்றிதழைத் தொலைத்தவர்களுக்கு: காலை பத்துக்குள் போய்விடுங்கள். சிபாரிசு தேடி அலையாதீர்கள், துண்டைக் கொண்டுபோங்கள். சனிக்கிழமையானால் பழைய சட்டை போட்டுக்கொள்ளுங்கள். காத்திருக்கும் நேரத்தில் எண்ணெய் டப்பாவைக் கேட்டு வாங்கி, நான் மூன்று வரிசை முடித்தேன்.