சப்பரத்தின் பின்புறம்: செம்பூரிலிருந்து தாராவிக்கு

கணவர் போன துக்கத்தில் நான் மாதா கோயிலுக்கு வேண்டுதல் செய்யப் போனதாக மும்பையில் எங்கள் செம்பூர் காலனியில் பேசிக்கொள்கிறார்கள். தவறு. கன்னியாஸ்திரீகளிடம் பத்து வருடம் படித்தும் மதம் மாறாதவள், எழுபத்தாறு வயதில் மாறப்போவதில்லை. செப்டம்பரில் தாராவித் திருவிழாவுக்குப் போனது என் புத்தகத்தின் ஐந்தாம் அத்தியாயத்துக்காக.

இடைக்காலத்தின் கடைசி நூற்றாண்டுகளில் ஆங்கில இலக்கியம் எதை அழகு என்றது என்பதே என் ஆய்வு. அக்காலத்தில் தச்சர், தோல் பதனிடுவோர் போன்ற தொழிற்குழுக்கள் பைபிள் கதைகளைச் சக்கர மேடைகளில் தெருத்தெருவாக நடித்தன. அந்த அழகெல்லாம் முன்னால் நிற்பவருக்கே என்று எழுதியிருந்தேன். "பின்னால் நின்றவர்கள் எதைப் பார்த்தார்கள்?" என்று பதிப்பகத்தார் கேட்டார்கள். பதில் இல்லையென்றால் அத்தியாயத்தை நீக்க வேண்டுமாம். தெருவில் வரும் சப்பரத்தைக் கூட்டம் எப்படிப் பார்க்கிறது என்று நேரில் காணக் கிளம்பினேன்.

மாலை நான்கரை. சயன் வரை ஆட்டோ, நூற்றுப்பத்து ரூபாய். அதற்கு மேல் ஆட்டோவுக்கு அனுமதி கிடையாது; பிறகு டாக்சி, நாற்பது. ஓட்டுநர் திருநெல்வேலிக்காரர்.

"மெயின் ரோடு ஃபுல் ஜாம், மேடம். பின்னாடி கல்லில விட்ருதேன். பொடிநடையா போயிருங்க."

கல்லி என்றால் சந்து. அதன் உள்முனையில் போய் நின்றேன். சப்பரம் வந்தது, முதுகைக் காட்டிக்கொண்டு! உள்ளே திருப்ப இடமில்லை. வெளியேறும்போது மாதாவின் முகம் சாலையைப் பார்க்க வேண்டும் என்பதால், பின்புறமாகவே தள்ளி வருவது இங்கே வழக்கம். இதற்காகவா இவ்வளவு தூரம் என்று எரிச்சலாக வந்தது.

பக்கத்து வாசலில், கட்டுப்போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்த ஆரோக்கியம் என்ற பெண்மணி கவனித்துவிட்டார். "என்ன ஆச்சி, மூஞ்சியச் சுளிக்கிய? எங்களுக்கு எப்பவும் முதுகுதான். நல்லாப் பாருங்க."

பார்த்தேன். பின்பலகை முழுக்கச் சாமந்தி. மாதாவின் பட்டு முந்தானையை அதன்மேல் விசிறிபோல விரித்திருந்தார்கள்.

"இவ்வளவும் யாருக்கு?"

"எங்களுக்குத்தான்! ஒரு வருசம் வெறும் பலகையக் காட்டிட்டுப் போனானுவ. மறுவருசம் இந்த முனைல ஒரு வீடும் திருவிழா வரி குடுக்கலயே. முன்னால நிக்கவுககிட்ட வாங்கிக்கோன்னுட்டோம்."

கிங்ஸ் சர்க்கிளில் காபி குடித்துவிட்டு, வடாலாவில் ரயில் மாறி வீடு திரும்பினேன். டிக்கெட் ஐந்து ரூபாய். தாராவியில் கண்டதை வைத்து இங்கிலாந்தைப் பற்றி முடிவு சொல்ல முடியாது, அது ஆய்வாகாது. ஆனால் பின்னால் நிற்பவர் கேட்டு வாங்கும் அழகு என்று ஒன்று உண்டு என எனக்குத் தோன்றியதே இல்லை. அத்தியாயத்தை நீக்கவில்லை. பழைய ஆவணங்களில் இனி எதைத் தேடுவது என்று தெரிந்துவிட்டது. முதல் வரியிலிருந்து திருத்துகிறேன்.

போகிறவர்கள் ஐந்தரைக்குள் போய்விடுங்கள். தட்டையான செருப்பே போடுங்கள்; மழையில் கல்லி வழுக்கும். இரண்டு முனைகளிலும் நின்று பாருங்கள்.

உங்கள் ஊரில் சப்பரத்தின், தேரின் பின்புறத்தை அலங்கரிப்பது உண்டா? யார் கேட்டு? ஃபோன் செய்யாதீர்கள். எழுதி அனுப்புங்கள்.