நான் மறைத்து வைத்த கடைசிப் பாகம்

சவூதியின் யான்புவில் எங்கள் கேம்ப் அறையில் எட்டுப் பேர். ஆண்டுக்கொரு முறை கைதூக்கி ரூம் லீடரைத் தேர்ந்தெடுப்போம். மற்றவர்கள் முறைவைத்துச் சமைப்போம்; லீடருக்குச் சமையல் முறை கிடையாது. ஏசிக்கு நேர் எதிரே கீழ்க்கட்டில். இரண்டு ஆண்டுகளாக அந்தச் சுகம் என்னிடம் இருந்தது. மூன்றாம் ஆண்டும் அதை விடும் எண்ணம் எனக்குத் துளியும் இல்லை.

ஆனால் புதுக்கோட்டைக்கார ஏசி மெக்கானிக் போட்டிக்கு வந்துவிட்டார். ஏசியைக் கையில் வைத்திருப்பவரோடு மோதுவது லேசான காரியமா? என்னிடம் இருந்த ஒரே ஆயுதம், ஊரில் படித்து ஒன்றுக்கும் உதவாமல் போன பி.ஏ. வரலாறு. வெள்ளிக்கிழமைதோறும் சாப்பாடு முடிந்ததும் அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி கதையை அவிழ்த்துவிட்டேன். நல்ல தலைவனை மாற்றக் கூடாது என்று அறைக்குப் புரிய வேண்டும், அவ்வளவுதான்.

இளம் வயதில் ஒரு கோட்டையை எதிரியிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்பியவர், பிறகு விடுதலைப் படைக்கே தளபதியான கதையைச் சொன்னேன். ஜெயித்த சண்டையைவிடத் தோற்ற சண்டை அதிகம் என்றும் சொன்னேன். என் ஆட்சியில் இருமுறை காஸ் தீர்ந்து எல்லோரும் பட்டினி கிடந்ததற்கு அது முன்ஜாமீன்.

பனிக்கட்டி மிதக்கும் ஆற்றைப் படகில் கடந்து எதிரியின் பாளையத்தைப் பிடித்த கட்டத்தில், சைட்டில் வெந்து வந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

"ஐஸு எம்புட்டு கனம் இருக்கும்ணே?" என்று கேட்டார் ராமநாதபுரத்துக்காரர். ஓர் அடி இருக்கும் என்று அடித்துவிட்டேன். எங்கள் தேர்தலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, அவர் ஜனாதிபதியான கட்டத்துக்கு வந்தேன்.

"போர் முடிஞ்சப்புறம் எல்லா ஓட்டும் அவருக்குத்தான். நாலு வருஷம் கழிச்சும் அவரேதான்."

"அப்புறம்?"

"மிச்சம் அடுத்த வெள்ளிக்கிழமை," என்றேன். எங்கள் தேர்தல் வியாழக்கிழமை.

வியாழன் மாலை எல்லோரும் கூடியதும் மெக்கானிக் போனைத் தூக்கிக் காட்டினார்.

"அண்ணே, மீதிக் கதைய டூட்டியிலயே கேட்டுட்டேன். மூணாவது தடவையும் நிக்கச் சொன்னாங்களாம். போதும்னு சொல்லிட்டாராமே. நீங்க சொல்லவே இல்ல?"

அறையே சிரித்தது. எனக்குத் திருடனுக்குத் தேள் கொட்டிய நிலை. மெக்கானிக்குக்காக முதல் கையைத் தூக்கியது நான்தான். பெருந்தன்மை எல்லாம் இல்லை, தோற்பது உறுதி என்று தெரிந்துவிட்டது. உள்ளே பற்றி எரிந்தது. தலையணையை எடுத்து மேல்கட்டிலில் போட்டேன்.

மறுநாளே என் சமையல் முறை. எல்லோரும் இருந்த அறையிலேயே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது ராமநாதபுரத்துக்காரர் வந்து உட்கார்ந்தார்.

"பதவிய விட்டுட்டு அந்த மனுசன் என்ன செஞ்சாருண்ணே?"

"ஊருக்குப் போயிட்டாரு. பொண்டாட்டி, பேரப்பிள்ளைங்க, பண்ணைன்னு இருந்துட்டாரு."

"எக்ஸிட் அடிக்க கஃபீல் ஒத்துக்கிட்டானா?"

கிண்டலாகத்தான் கேட்டார். எங்களை வேலைக்கு எடுத்த கஃபீல் சம்மதிக்காமல் எங்களில் யாரும் எக்ஸிட் வாங்கி ஊர் திரும்ப முடியாது.

"அவருக்கு ஏது கஃபீல்? போகணும்னு தோணுச்சு, கெளம்பிட்டாரு."

முந்தின நாள் அப்படிச் சிரித்தவர்கள் இதற்குச் சிரிக்கவில்லை. அத்தனை வாரம் அந்த மனிதரைப் பற்றிப் பேசியும் அன்றுதான் எனக்கு அவர்மேல் பொறாமை வந்தது. மெக்கானிக் கத்தியை எடுத்து வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து மீதி வெங்காயத்தை நறுக்க ஆரம்பித்தார். லீடருக்குச் சமையல் முறை கிடையாது என்று நான்தான் ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.