நீலச் சேலைக் கவுன்

வழக்கமாகக் கண்டி டவுனோடு நின்றுவிடும் சித்திரை வெயில் அந்த வருடம் ஹந்தானை மலைக்கும் ஏறி வந்துவிட்டது. கீழே வாவியும் நகரமும் வெண்மையான ஒரு மங்கலில் மிதந்தன. வரிசை அறைகளாலான எங்கள் தோட்டத்து லயத்தின் தகரக் கூரை பகல் முழுக்கச் சூட்டில் நெட்டி முறித்துக்கொண்டே இருக்கும். எங்களிடம் இருந்ததோ எல்லாம் குளிருக்கான உடுப்புகள். நானும் தங்கையும் அவற்றைக் கழற்றி எறிந்துவிட்டு உள்பாவாடையோடு திரிந்தோம். அந்தக் கோலத்தைப் பார்த்துத்தான் அம்மாவுக்கு அந்த யோசனை வந்தது என்று நான் நெடுநாள் நம்பியிருந்தேன்.

ஒரு காலையில் அம்மா தன் சேலைகளையெல்லாம் பெட்டியிலிருந்து எடுத்துத் துவைத்தாள். வெளியே போட்டால் சாயம் போய்விடும் என்று, காம்பராவுக்குள்ளேயே குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டிக் காயப்போட்டாள். எங்களுடைய ஒரே அறை அன்று பல அறைகளாகிவிட்டது. மஞ்சள் அறை, பச்சை அறை, மாம்பழ நிற அறை. கதவு வழியே காற்று வந்தால் சுவர்கள் நடந்தன. நீல அறைக்குள் போய் நின்றால் எங்கள் கைகள் தண்ணீருக்கடியில் கிடப்பவை போலத் தெரிந்தன. சின்னச் சின்ன வெள்ளைப் பூக்கள் போட்ட அந்த நீலச் சேலையைத்தான் அம்மா கோயிலுக்குக் கட்டுவாள். பஸ்ஸில் நெரிசலில் நான் பிடித்துக்கொள்வது அதன் முந்தானையைத்தான். தங்கை அதன் அடியிலேயே படுத்துத் தூங்கிப்போனாள்.

மறுநாள் அம்மா கத்திரிக்கோலை எடுத்தாள்.

லயத்தின் கடைசிக் காம்பராவில் இருந்த பெரியம்மாவிடம் கையால் சுற்றும் தையல் மெசின் ஒன்று இருந்தது. அதைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, தரையில் கிடந்த துண்டுகளைப் பார்த்த பெரியம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஏண்டி, இருக்குற சீலையெல்லாம் வெட்டிப்புட்டா, திரும்பி வந்து என்னத்த கட்டுவ?"

"வந்து வாங்கிக்கலாங்க்கா. பொட்டியில கெடந்தா பூச்சிதான் கட்டிக்கும்" என்றாள் அம்மா.

சவர்க்காரத் துண்டால் கோடு போட்டு, குதிகாலில் உரசி நைந்த கரையை வெட்டி எறிந்துவிட்டு, நல்ல பாகத்தில் கையில்லாத, கழுத்து அகன்ற கவுன்கள் தைத்தாள். பலமுறை துவைத்து மெலிந்த துணி என்பதால் போட்டிருப்பதே தெரியாது. முந்தானைப் பூக்கள் சட்டைப்பையாயின. அப்பா கீழே டவுனில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்தார். ஒருநாள் காலையில் தன் கோடு போட்ட ஷேர்ட்டைத் தேடு தேடென்று தேடினார். அதன் பொத்தான் வரிசை அப்போது என் முதுகில் இருந்தது. கடைசியில் கண்டுபிடித்தவர், என் பின்னால் வந்து, திறந்திருந்த ஒரு பொத்தானைப் பூட்டிவிட்டுப் போனார்.

அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகப்போகிறாள் என்பது எங்களுக்குத் தெரியும். யாரும் ஒளிக்கவில்லை. ஆனால் போவது என்றால் எனக்கு டவுனுக்குப் போவதுதான். காலையில் பஸ் ஏறினால் பொழுது சாய்வதற்குள் சீனி தூவிய பணிஸ் ரொட்டியோடு வந்துவிட வேண்டும். இரண்டு வருடம் என்று அப்பா சொன்னதை, இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும் என்பதைப் போலக் கேட்டுக்கொண்டேன்.

அடுத்த காம்பராவில், பெரிய வகுப்புப் படிக்கிற ஓர் அக்கா இருந்தாள். இரட்டைப் பின்னலும் நீண்ட கைகளுமாக இருப்பாள். ஒருநாள் அம்மா அவளைக் கூப்பிட்டு நிறுத்தி, தோளிலிருந்து முழங்கால் வரை ஒரு நாடாவால் அளந்தாள். அக்கா கூச்சத்தில் நெளிந்தாள். அவள் போனதும் அம்மா நீலச் சேலையைத் தரையில் விரித்தாள்.

எனக்கு விளங்கிவிட்டது. எங்களுக்கு மஞ்சளும் பச்சையும். என்னுடைய நீலம் அந்த அக்காவுக்கு. யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் உண்மையாகிவிடும் என்று பயம். அன்று முழுக்க அந்த மெசினின் கடகடப்பு என் நெஞ்சுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது.

அம்மா புறப்படுவதற்கு முந்திய நாள் மத்தியானம், அவள் பீலியில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்த நேரம், நான் பெட்டியைத் திறந்தேன். கவுன்கள் சிறிதிலிருந்து பெரிதாக மடித்து அடுக்கப்பட்டிருந்தன. நீலம் எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது. எடுத்துப் போட்டுக்கொண்டேன். தோள் வழிந்தது, கீழ்க்கரை பாதங்களை மூடித் தரையில் குவிந்தது. அதன் நடுவில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அம்மா குடத்தோடு வாசலில் நின்றாள்.

"என்னாடி இது?"

"இது என்னோடது. அந்த அக்காவுக்குக் குடுக்க வுட மாட்டேன்."

"அவளுக்கு யாரு குடுக்கப் போறா? ஒனக்குத்தான்டி தச்சேன்."

"அவளுக்குத்தானே அளவு எடுத்தீங்க?"

அம்மா குடத்தை இறக்கி வைத்தாள். "நீயும் அவ ஒசரத்துக்கு வருவல்ல" என்றாள்.

ஒனக்குத்தான் என்ற சொல் மட்டுமே என் காதில் விழுந்தது. நான் ஜெயித்துவிட்டேன்.

அம்மா என்னைத் தூக்கி, அப்பா உட்காரும் மரக் கதிரையின் மேல் நிறுத்தினாள். இப்போது கவுன் தரையைத் தொடாமல் தொங்கியது. என் கண்ணும் அம்மாவின் கண்ணும் ஒரே உயரத்தில் இருந்தன. வழிந்த தோள்களை ஊசி குத்திச் சரிசெய்தாள். என் தலையை அவிழ்த்து இரண்டு பின்னலாகப் பின்னினாள். பிறகு கதவு வரை பின்னால் நகர்ந்துபோய் நின்றாள். வெளியே தேயிலைச் சரிவின் மேல் மேகம் ஒன்று இறங்கி, அறையின் வெளிச்சம் பாலாகிக்கொண்டிருந்தது.

"திரும்பு. மெதுவா."

திரும்பினேன்.

"போதுமாம்மா?"

"இன்னுங் கொஞ்ச நேரம்டி."

அம்மா சொன்ன காலத்தில் திரும்பி வரவில்லை. ஒப்பந்தம் முடிய முடிய நீண்டுகொண்டே போனது. அந்த நீலம் எனக்குச் சரியாக வந்த வருடம், பெரியம்மாவின் போனில் அம்மாவின் முகம் வந்தபோது, "தள்ளிப் போய் நில்லு, முழுசாப் பாக்கணும்" என்றாள். தள்ளிப் போனேன். மலையில் சிக்னல் அறுந்து, படம் கட்டம் கட்டமாக உறைந்துவிட்டது. அவள் கடைசியாக வந்து சேர்ந்தபோது அந்தக் கவுன் தங்கையின் உடம்பில் இருந்தது. நான் அம்மாவைவிட உயரமாகியிருந்தேன்.

ஆனால் அந்த மத்தியானம், கதிரையின் மேல், எனக்கு இவை எதுவும் தெரியாது. அம்மா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். தோள்பட்டைத் தையல் எங்கோ கோணலாகிவிட்டது, அதைத்தான் தேடுகிறாள் என்று நினைத்தேன். கோணல் கண்ணில் பட்டால் கவுனைத் திரும்பப் பிரித்துவிடுவாளே என்ற பயத்தில், மூச்சைப் பிடித்துக்கொண்டு, முடிந்தவரை நிமிர்ந்து நின்றேன்.