வீட்டு சுவிட்சு போட்ட ஸ்போர்ட்ஸ் காடி

கோவம் இன்னும் போகல. மூணு மாசம் ஆச்சு. கோப்பி குடிக்கும்போது நெனச்சாக்கூட கிளாச மேசையில டொக்குன்னு வைக்கிறேன். பொண்டாட்டி உள்ள இருந்து, "கிளாசு என்ன பண்ணுச்சு?"ன்னு கேக்குறா. கிளாசு ஒண்ணும் பண்ணல. பண்ணுனது எல்லாம் நான்தான். ஆனா அத அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்குற ஆளு நான் இல்ல. அதனால மொதல்ல மத்தவங்க மேல இருக்குற கோவத்த சொல்லி முடிச்சிடுறேன்.

என் மக காடி வாங்குனா. எல்லாரும் வாங்குற நாலு கதவு காடி இல்ல. ரெண்டே கதவு, செகப்பு கலரு, பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் காடி. உள்ள ஏறணும்னா மொதல்ல ஒரு காலு, அப்புறம் இடுப்பு, அப்புறம் தலை, கடைசியா மானம். நான் ஏறுனா எறக்கி விட ரெண்டு பேரு வேணும். அவளுக்கு கமுந்திங்ல பேக்டரி வேல, ஏழு மணி ஷிப்டு. நாங்க இருக்குறது ஈப்போவுக்கு வெளிய ஒரு தாமான்ல, வரிச வீடு கட்டுன குடியிருப்பு. முன்னாடி அது பால்மரத் தோட்டம். நான் பொறந்த லயத்து வீடு இருந்த எடத்துல இப்ப காடி கழுவுறாங்க. அவ காலையில அஞ்சரைக்கே கெளம்பி, ஹைவேல மல ஏறி, டனல தாண்டி எறங்கணும். அந்த நேரத்துல அங்க கும்மிருட்டு. லாரிங்க மட்டும்தான் தொணை.

காடி நல்ல காடிதான், கண்ணுதான் போச்சு. முன் லைட்டு ரெண்டும் மஞ்சளாகி, வயசான பூன மாதிரி முழிச்சிச்சு. போட்டாலும் ஒண்ணுதான், போடாட்டியும் ஒண்ணுதான். அவளே ஆன்லைன்ல புது எல்இடி லைட்டு செட்டு ஆர்டர் பண்ணா. பொட்டி வந்துச்சு, என் நெஞ்சளவு.

"சனிக்கெழம மாமா கடைக்கு எடுத்துட்டுப் போறேன்ப்பா"ன்னா.

மாமான்னா என் பொண்டாட்டியோட அண்ணன், எனக்கு மச்சான். ஜெலாப்பாங்ல காடி ரிப்பேர் கட வச்சிருக்கான். இவன் மேல எனக்கு பழைய கோவம். ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில, எல சோத்துக்கு முன்னாடி, என்னக் காட்டி, "இவன் கைய வச்சா கோயிலே இருட்டாயிரும்"னு சொன்னான். மொத்த பந்தியும் சிரிச்சிச்சு. பாயாசம் ஊத்துனவன் கூட ஊத்துறத நிறுத்திட்டு சிரிச்சான். விஷயம் என்னன்னா, எங்க தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு சீரியல் லைட்டு போடுறது எப்பவும் நான்தான், பதினேழு வயசுல இருந்து. ஒரே ஒரு வருஷம் அம்மன் ரதம் கெளம்புற நேரத்துல மொத்த லைட்டும் படுத்துருச்சு. ஒரே ஒரு வருஷம்லா! மத்த வருஷமெல்லாம் எரிஞ்சத எவன் பேசுறான்?

"மாமாவும் வேணாம், கீமாவும் வேணாம். நான் மாட்டுறேன்"னேன்.

"ப்பா, இது சீரியல் லைட்டு இல்ல."

"லைட்டு லைட்டுதாம்மா. செகப்பு உசிரு, கறுப்பு செத்தது. அவ்வளவுதான் கரண்டு."

அவ பொட்டியில இருந்த பேப்பர எடுத்தா. ஒரு பக்கம் சீனம், ஒரு பக்கம் இங்கிலீசு. "சரி, ஆனா இத நான் படிச்சு சொல்றேன், அதுபடி செய்ங்க"ன்னா.

நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு மூணாம் வகுப்போட கும்புடு போட்டவன். தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும். இதக்கூட நான் வாயால சொல்றேன், போனு எழுதுது. அவ நல்லதுக்குத்தான் கேட்டா. எனக்கு மட்டும் எங்கயோ சுருக்குன்னு குத்துச்சு, வாத்தியாரு மறுபடியும் பெஞ்சு மேல ஏத்துன மாதிரி. "ஒரு லைட்டு மாட்ட பேப்பரு எதுக்கு? போ, போயி தூங்கு"ன்னுட்டேன். அவ பேப்பர போன்ல ஒரு படம் புடிச்சுட்டு உள்ள போனா. பேப்பர நான் வடைக்கு கீழ வச்சேன். பருப்பு வடை, நாலு. எண்ணெய நல்லா உறிஞ்சிச்சு. அந்த வகையில நல்ல பேப்பருதான்.

ஞாயித்துக்கெழம காலையில போர்ச்சுல ஆரம்பிச்சேன். மொதல்ல முன் பம்பர கழட்டணும், அப்பத்தான் லைட்டு வெளிய வரும். பம்பர கிளிப்பு போட்டு புடிச்சிருக்கான். ஒண்ணொண்ணா மெதுவா நெம்பணும். நான் மெதுவா நெம்பல. டப்பு டப்புன்னு பறந்துச்சு, ஒண்ணு பக்கத்து வீட்டு அக்கா துளசித் தொட்டியில போயி விழுந்துச்சு. பம்பர பழைய தலகாணி மேல படுக்க வச்சேன். பழைய லைட்டு நாலு ஸ்க்ரூவுல கையோட வந்துருச்சு. புது லைட்டு அந்தக் குழியில ஙாம்மா உக்காந்துச்சு, தையக்காரன் அளவெடுத்த மாதிரி. அந்த ஒரு நிமிஷம் நான் ஈப்போவுக்கே ராஜா.

சாக்கெட்ட சொருவி, சாவிய திருப்பி, சுவிட்சு போட்டேன். ஒண்ணுமில்ல.

கழட்டி மறுபடி சொருவுனேன். ஒண்ணுமில்ல. பழைய பல்ப மாட்டிப் பாத்தா எரியுது. புதுச மாட்டுனா செத்துக் கெடக்கு. பொட்டிய கவுத்துத் தட்டுனேன், வயரோட ரெண்டு சின்ன சாக்கெட்டு விழுந்துச்சு. ஏதோ எக்ஸ்ட்ராவா குடுத்திருக்கான் போலன்னு பிஸ்கட்டு டின்னுல போட்டு மூடுனேன். அந்த டின்ன ஞாபகம் வச்சுக்குங்க.

வெயிலு மண்டையப் பொளக்குது. வேர்வ கண்ணுல எறங்குது. லைட்டு செஞ்சவனையும் அவன் பரம்பரையையும் ஏசிக்கிட்டு இருக்கேன். அப்பப் பாத்து பொண்டாட்டி சன்னல் வழியா, "எங்க அண்ணன கூப்புடவா?"ன்னா. அந்த ஒரு வார்த்த. அத மட்டும் கேக்காம இருந்திருந்தா நான் கட்டர எடுத்திருக்க மாட்டேன்.

எடுத்தேன். காடியோட சொந்த சாக்கெட்டு ரெண்டையும் நறுக்கு நறுக்குன்னு வெட்டுனேன். திருவிழா சீரியலுக்கு வாங்கி மிச்சம் கெடந்த ஒல்லி வயர பேட்டரியில இருந்து நேரா இழுத்தேன். கையால முறுக்கு, கறுப்பு டேப்பு நாலு சுத்து. காடியோட சுவிட்சுதான் நம்ம கூட பேச மாட்டேங்குதே, அதனால ஸ்டோர்ல கெடந்த வீட்டு சுவிட்சு, ரூம்பு சுவத்துல இருக்குமே வெள்ள பிளாஸ்டிக்கு, அதக் கொண்டாந்து ஸ்டேரிங்குக்குக் கீழ முடுக்குனேன். ஹை லைட்டுக்கு வயரு பத்தல. ஹை லைட்டு எதுக்கு, மேல பாக்க என்னா இருக்கு?

முடிக்கும்போது பொழுது சாஞ்சிருச்சு. தட்டுனேன். எதுத்த வீட்டு சுவரு பளிச்சுன்னு வெளுத்துச்சு. நான் போட்ட சத்தத்துல மக ஓடி வந்தா. குனிஞ்சு பாத்தா.

"ப்பா... இது ரூம்பு சுவிட்சு."

"எரியுதா இல்லையா?"

"எரியுது."

"அப்புறம் என்னா?"

அவ ஒரு மாதிரி நின்னா. நான் பரிச்ச பேப்பர நீட்டுன பையன் மாதிரி அவ மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னேன். "தேங்க்ஸ்ப்பா"ன்னா. இப்ப அந்த தேங்க்ஸ் மேலயும் கோவம் வருது. என் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு சொன்ன தேங்க்ஸ் அது. எல்லாத்தையும் மூடி முடிச்சப்ப கையில மூணு ஸ்க்ரூ மிச்சம் இருந்துச்சு. பாக்கெட்டுல போட்டுக்கிட்டேன்.

திங்க ஓட்டுனா. செவ்வா ஓட்டுனா. புதங்கெழம காலையில, டனல விட்டு வெளிய வந்து எறக்கத்துல எறங்கும்போது, ரெண்டு லைட்டும் ஒண்ணா போச்சு. முன்னாடி வளைவு, பின்னாடி லாரி, நடுவுல என் மக. காடிக்குள்ள பிளாஸ்டிக்கு எரியிற நாத்தம். தெனம் போற ரோடுங்கறதால வளைவு எந்தப் பக்கம்னு மனசுல இருந்துச்சாம், அத வச்சே திருப்பி ஓரங்கட்டியிருக்கா. லாரிக்காரன் ஹாரன் அடிச்சுக்கிட்டே உரசுற மாதிரி போயிருக்கான். காடி குலுங்குச்சாம்.

அந்த இருட்டுல, ரோட்டோரமா நின்னுக்கிட்டு, அவ போன எடுத்து கூப்புட்டா. யார? மாமாவ.

நான் அப்ப வீட்டுல முழிச்சுதான் இருந்தேன். போனு என் பக்கத்துலதான் இருந்துச்சு. சார்ஜு முழுசா இருந்துச்சு. அடிக்கல.

எட்டு மணிக்கு மச்சான்தான் கூப்புட்டான். "மச்சான், காடிய என் கடைக்கு இழுத்துட்டு வந்துட்டேன். புள்ளைக்கு ஒண்ணுமில்ல. நீ கெளம்பி வா." கிண்டல் பண்ணல. அவன் கிண்டல் பண்ணாததுலயே விஷயம் பெருசுன்னு தெரிஞ்சிச்சு.

மோட்டர் பைக்க எடுத்தேன். வழியெல்லாம் ஏசிக்கிட்டே போனேன். லைட்டு செஞ்சவன, லாரிக்காரன, சிக்னல் லைட்ட, மச்சான, பொண்டாட்டிய. ஜெலாப்பாங் போயி சேர்றதுக்குள்ள ஏசுறதுக்கு ஆளு தீந்து போச்சு. ஒருத்தன்தான் மிச்சம். அவன் என் ஹெல்மெட்டுக்குள்ள இருந்தான்.

காடி பானெட்ட தொறந்து வச்சிருந்தான் மச்சான். மக பேக்டரி சட்டையோட ஒரு டயரு மேல உக்காந்திருந்தா. என்னப் பாக்கல. மச்சான் கருகிப்போன வயர ரெண்டு வெரலால தூக்கிக் காட்டுனான்.

"பியூஸ் எங்க மச்சான்?"

"பியூஸு எதுக்கு?"

"காடி எரியாம இருக்க."

என் வயரு தகரத்து ஓரத்துல உரசி உரசி தோலு போயி, பாடியில பட்டுருச்சு. பியூஸ் இருந்திருந்தா அது செத்து காடிய காப்பாத்தியிருக்கும். இல்லாததால வயரே எரிஞ்சிருச்சு.

"இது என்னா வயரு?"

"சீரியல் வயரு."

"அம்மன் ரதத்துல போட்டியே, அதேவா?"

"அதேதான்லா."

அவன் அந்தப் பக்கம் திரும்பி ஸ்பேனர் தேடுற மாதிரி நின்னான். முதுகு மட்டும் குலுங்குச்சு. அந்த முதுகுல ஒண்ணு வைக்கலாம்னு இருந்துச்சு. ஆனா மக சிரிக்கல.

"ஏன்ப்பா அந்தப் பேப்பர விட்டீங்க?"

"எனக்கு படிக்கத் தெரியாதுன்னு உனக்குத் தெரியாதா?" கத்திட்டேன். கடையில இருந்த எல்லாரும் திரும்புனாங்க.

"தெரியும்! அதனாலதான் நான் படிக்கிறேன்னேன்!" அவ என்ன விட சத்தமா கத்துனா. "படிக்கத் தெரியாததுக்கு எனக்கு கோவமே இல்ல. கேக்கவே மாட்டேன்னு நின்னீங்களே, அதுக்குத்தான். எனக்குப் பின்னாடி லாரி வந்துச்சுப்பா!"

என்கிட்ட எப்பவும் ஒரு ஜோக்கு இருக்கும். எழவு வீட்டுல கூட ஒண்ணு வச்சிருப்பேன். அன்னைக்கு பாக்கெட்டுல கைய விட்டா மூணு ஸ்க்ரூதான் இருந்துச்சு.

மச்சான் ஈயம் ஒட்டுற கம்பிய சூடு பண்ணி என் கையில குடுத்தான். "நீ வெட்டுனத நீயே ஒட்டு. நான் பக்கத்துல நிக்கிறேன்." நான் தரையில சப்பணம் போட்டு உக்காந்தேன். மக போன்ல இருந்த படத்த பெருசு பண்ணி, தமிழ்ல சொல்ல ஆரம்பிச்சா.

"மொத வரி. காடியோட வயரு எதையும் வெட்டக் கூடாது. கேக்குதா?"

"கேக்குதும்மா."

"இன்னொரு தடவ படிக்கவா?"

"படிம்மா, எனக்கு சரியா கேக்கல"ன்னான் மச்சான்.

படிச்சா. மூணு தடவ படிச்சா. ஒவ்வொரு தடவையும் என் காது சூடாச்சு, கையில இருந்த கம்பிய விட.

அதுக்கு அடுத்த வரியிலதான் விஷயமே இருந்துச்சு. சில ஜப்பான் காடியில கரண்டு எப்பவும் லைட்டு வரைக்கும் வந்து நிக்குமாம். சுவிட்சு வெட்டுறதும் சேக்குறதும் எர்த்தத்தான். பழைய பல்பு எந்தப் பக்கம் கரண்டு வந்தாலும் எரியும். புதுசு ஒரே பக்கம்தான் எரியும். அந்த மாதிரி காடிக்கு, கூட வர்ற சின்ன சாக்கெட்ட நடுவுல சொருவுனா போதும், அது மாத்திக் குடுத்துரும். வெட்ட வேணாம், முறுக்க வேணாம்.

"அந்த சாக்கெட்டு எங்கப்பா?"

"பிஸ்கட்டு டின்னுல."

திரும்ப வீட்டுக்கு ஓட்டி, டின்னோட வந்தேன். டின்னத் தொறந்தப்ப மச்சான் உள்ள எட்டிப் பாத்து, "பிஸ்கட்டு இல்லையா?"ன்னான்.

வெட்டுன எடத்த எல்லாம் ஒட்டி, சாக்கெட்ட சொருவுனேன். மக காடியோட சொந்த சுவிட்ச திருப்புனா. லைட்டு வந்துச்சு. ஹை லைட்டும் வந்துச்சு. மேல பாக்க ஒண்ணுமில்லன்னு சொன்னேனே, கடையோட கூர வரைக்கும் தெரிஞ்சிச்சு.

அந்த வெள்ள சுவிட்ச மச்சான் குப்பையில போடல. கடைச் சுவத்துல மாட்டி வச்சிருக்கான், சாமி படத்துக்கு ரெண்டு சாண் கீழ. வர்றவன் போறவன் எல்லாம், "அண்ணே, இது எதுக்கு?"ன்னு கேக்குறான். இவனும் கத சொல்றான், ஒவ்வொரு தடவையும் லாரி பெருசாகிக்கிட்டே போகுது. இந்தக் கோவம் மட்டும் நியாயமான கோவம்னு நெனக்கிறேன்.

இப்பல்லாம் காலையில அவ கெளம்புறதுக்கு முன்னாடி நான் போயி காடிக்கு முன்னாடி நிக்கிறேன். யாரும் நிக்கச் சொல்லல. அவ லைட்ட போடுவா, நான் தலையாட்டுவேன். ஹை லைட்ட போடுவா. அத என் மூஞ்சியில தேவைக்கு மேல கொஞ்ச நேரம் வச்சிருக்கா. கண்ணு கூசி தண்ணி வரும். நான் மூஞ்சிய திருப்புறதில்ல.

"ப்பா, தள்ளுங்க, லேட்டாச்சு."

தள்ளுறேன். அப்புறம் உள்ள போயி, போன் சத்தத்த முழுசா வச்சு, மேசையில எனக்கு நேரா வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், அவ போயி சேந்துட்டேன்னு மெசேஜ் போடுற வரைக்கும். அது அடிக்கவே கூடாதுன்னு அம்மன கும்புடுறேன். அப்படி அடிச்சே ஆகணும்னா மாமாவுக்கு முன்னாடி எனக்கு அடிக்கணும்னும் கும்புடுறேன். ரெண்டையும் ஒரே மூச்சுல கேட்டா அம்மனுக்கே கோவம் வரும். வரட்டும். ரதத்து லைட்டு விஷயத்துல ஏற்கனவே அவளுக்கு என் மேல ஒரு கோவம் இருக்கு.