பருந்தின் சிறுநீர்ப்பை

மார்ச் ஒன்பதாம் நாள். வானம் மூடியிருந்தது, காற்று அசையவில்லை. கிரேன் இயக்க அதைவிட நல்ல நாள் வாய்க்காது. ஆயினும் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் முற்பகலுக்குள் இரண்டு முறை கீழே இறங்கிவிட்டார்.

வளர்ந்துகொண்டிருக்கும் மாடிக் கட்டடத்துக்கு மேலே, கிரேன் கூண்டில் அமர்ந்து கம்பிக்கட்டுகளைத் தூக்கிக் கொடுப்பவர் அவர். வேலைத்தளத்தில் அவருக்குப் பெயர் 'பருந்து'. சிறுநீர் கழிக்க அவர் ஏணியில் இறங்கி ஏறும்வரை கீழே அத்தனை பேரும் கைகட்டி நிற்க வேண்டும்.

"பருந்து கோழியாயிடுச்சுப்பா, தரையிலயே மேயுது" என்றார் மேஸ்திரி. இப்படியே போனால் கூண்டுக்கு வேறு ஆளைப் பார்ப்பேன் என்று பிறகு கேலியின்றியும் சொன்னார்.

கூண்டை இழக்கப் பருந்துக்கு மனமில்லை. ஆகவே தண்ணீர் குடிப்பதை ஏறக்குறைய நிறுத்தினார். ஒவ்வொரு தடவை ஏறுமுன்பும், உணர்வு வராவிடினும், கழிப்பறைக்குப் போய்வந்தார். தொல்லையோ இரட்டித்தது.

அவருடைய அக்கா செவிலியர். சோதனை செய்வித்து, நோயில்லை என்று தெரிந்த பின்னரே தம்பியைப் பிடித்து உட்காரவைத்து விளக்கினார். சிறுநீர்ப்பை தசையாலானது, நிரம்ப நிரம்ப விரியும், முழுதும் நிரம்புமுன்பே நரம்பு வழியாக மூளைக்குச் சொல்லியனுப்பும். அதன் வாயில் இரண்டு பூட்டுகள்: உள்பூட்டு தானாகவே இறுகியிருக்கும், வெளிப்பூட்டு நம் வசம். மூளை சம்மதித்தால் பை சுருங்கும், பூட்டுகள் தளரும். தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர்ந்து பையை உறுத்தும். சும்மா சும்மா போய்வந்தால், கொஞ்சம் சேர்ந்ததுமே கூப்பிடப் பை பழகிவிடும். தம்பி செய்தவை இவ்விரண்டுமே.

"கீழருந்து ஒருத்தன் கையக் காட்டினா உடனே பாரத்த இறக்கிடுவியாடா?"

"அதெப்படிக்கா? இடம் பாத்துத்தான் இறக்குவேன்."

"இதுவும் கையத்தான் காட்டுது. பதறாம உக்காரு. ஆனா நாளெல்லாம் அடக்கி வீரம் காட்டாத."

மறுநாள் பருந்து தண்ணீர்ப் புட்டியோடு ஏறினார். முதல் வாரம் அவ்வளவு சுலபமாக இல்லை. ஒருநாள் அவர் இறங்கிய வேகத்தைக் கண்டு கம்பி கட்டுபவர்கள் கைதட்டினார்கள். பின்னர், அவசரம் எழும்போது அசையாமல் அமர்ந்து வெளிப்பூட்டை இறுக்கித் தளர்த்தக் கற்றார். அலை வந்தது போலவே போயிற்று. வாரங்கள் செல்ல இடைவெளி நீண்டது.

பெரிய தூண்களை ஏற்றிய நாளில், முற்பகல் முழுதும் கிரேன் நிற்கவேயில்லை. மேஸ்திரிக்கே சந்தேகம் வந்து வாக்கி டாக்கியை எடுத்தார்.

"பருந்து, இறங்கணுமா?"

"வேண்டாங்க. சாப்பாட்டுக்கு வரேன்."